லுவாவை சி புரோகிராமுக்குள் பொருத்தினால் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சி புரோகிராமுக்குள் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியை உட்காரவைக்க நான்கைந்து வரி போதும். ஸ்டேட் (லுவா ஓடுவதற்கான தனிச் சூழல்) ஒன்றை உருவாக்கி, லுவாவோடு வரும் அடிப்படை லைப்ரரிகளைத் திறந்து, ஸ்கிரிப்டை ஓட்டி, கடைசியில் மூடினால் முடிந்தது. 1993ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த காலத்திலிருந்தே இன்னொரு புரோகிராமுக்குள் இருந்து வேலை செய்வதற்காக வளர்ந்த மொழி இது. அதனால் தொடக்கம் சுலபம். சிரமம் எல்லாம் அப்புறம்தான்: தப்பு ஓரிடத்தில் நடக்கும், அறிகுறி வேறெங்கோ தெரியும்.

அதற்குக் காரணம் உண்டு. சிக்கும் லுவாவுக்கும் இடையே போய்வரும் ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஸ்டாக் (மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம்) வழியாகப் போகிறது. வேகத்துக்காக, ஸ்டாக்கை நீங்கள் ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்களா என்று லுவா பெரும்பாலும் சோதிப்பதில்லை. ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் சி வரிகளில் மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள். இந்த இடத்தில் ஸ்டாக்கில் எத்தனை இருக்கிறது? இங்கே எரர் வந்தால் பிடிக்கப்போவது யார்? இந்த மெமரிக்குச் சொந்தக்காரர் சியா, லுவாவா? கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்.

பதிப்பு 5.4ஐ வைத்து எழுதுகிறேன், 5.1 வேறுபடும் இடங்களில் சொல்கிறேன், ஏனெனில் லுவாஜிட் (லுவாவை மெஷின் கோடாக மாற்றி ஓட்டும் வேறொரு வடிவம்) பயன்படுத்துபவர்களுக்கு 5.1இன் ஏபிஐதான் (சியிலிருந்து லுவாவை அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) கிடைக்கும். ஃபங்ஷன் பெயர்களையும் எரர் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

## தேடத் தொடங்கும் முன்

முடிந்தால் லுவாவின் மூலத்தை உங்கள் புரோகிராமோடு சேர்த்தே கம்பைல் செய்யுங்கள். சிறிய மொழி என்பதால் சில நொடிகளில் முடிந்துவிடும். அப்படிச் செய்யும்போது லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்ற மேக்ரோவை (பெரிய எழுத்துகளில்) வரையறுத்துவிடுங்கள். அப்புறம் லுவா தன் ஏபிஐ அழைப்புகளைத் தானே சோதித்து, தப்பு நடந்த வரியிலேயே அசெர்ட்டில் நிற்கும். மணிக்கணக்கில் கழித்து வரும் கிராஷை அன்றே, அங்கேயே பிடித்துத் தருவதில் இதற்கு இணையான கருவி இல்லை. கூடவே அட்ரஸ் சானிடைசரையும் போட்டுக்கொண்டால் விடுவித்த மெமரியைத் தொடும் தவறுகளும் வெளிப்படும்.

இன்னொன்று, ஸ்டாக்கை அச்சடிக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் லுவா_கெட்டாப் தரும் எண் வரை ஓடி, ஒவ்வொரு இடத்திலும் என்ன வகை இருக்கிறது என்று லுவாஎல்_டைப்நேம் கொண்டு எழுதினால் போதும். மதிப்பையும் காட்ட வேண்டுமானால் வகையை முதலில் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் லுவா_டுஸ்ட்ரிங்கை அழைத்தால் அந்த எண் ஸ்டாக்கிலேயே ஸ்ட்ரிங்காக மாறிவிடும். பார்க்கப் போன கருவியே பொருளை மாற்றிவிட்டால் தேடல் திசைமாறிப் போகும்.

## லிங்க் ஆகவில்லை, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்கிறது

கட்டளையில் வரிசையைப் பாருங்கள். லுவா லைப்ரரி உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வர வேண்டும். ஸ்டாட்டிக் லைப்ரரியாகச் சேர்த்தால் அதற்கும் பின்னால் கணித லைப்ரரி, லினக்ஸில் டிஎல் லைப்ரரி.

எரரில் வரும் பெயருக்கு முன்னும் பின்னும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தால் உங்கள் ஃபைல் சி++ ஆகக் கம்பைல் ஆகிறது, லுவா சி ஆகக் கம்பைல் ஆகியிருக்கிறது. லுவா.ஹெச்சுக்குப் பதில் லுவா.ஹெச்பிபியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

## ஸ்கிரிப்ட் லோட் ஆகிறது, எரரும் இல்லை, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை

லுவாஎல்_லோட்ஃபைல் ஸ்கிரிப்டைக் கம்பைல் மட்டும்தான் செய்கிறது. கம்பைல் ஆன துண்டு ஒரு ஃபங்ஷனாக ஸ்டாக்கின் மேல் கிடக்கும். லுவா_பிகால் (எரர் வந்தால் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) போட்டால்தான் ஓடும். ஸ்கிரிப்டில் எழுதியிருக்கும் ஃபங்ஷன் வரையறைகளும் ஓடும்போதுதான் உயிர்பெறுகின்றன. எனவே லோட் மட்டும் செய்துவிட்டு அந்த ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கேட்டால், மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நில்தான் வரும்.

பிகால் போட்டும் திரையில் ஒன்றும் வரவில்லையா? ஸ்கிரிப்ட் பிரின்டை அழைக்கிறதா, ஐஓ.ரைட்டை அழைக்கிறதா என்று பாருங்கள். பிரின்ட் ஒவ்வொரு முறையும் பஃபரை வெளியே தள்ளிவிடும், ஐஓ.ரைட் தள்ளாது. புரோகிராம் நடுவில் செத்துப்போனால் ஐஓ.ரைட் எழுதியது பஃபரோடு போய்விடும், "இந்த வரி வரவே இல்லை" என்று தவறான முடிவுக்கு வருவீர்கள்.

## "அட்டெம்ப்ட் டு கால் எ நில் வேல்யூ"

செய்தியில் அடைப்புக்குறிக்குள் பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இருந்தால் அழைத்தது லுவா வரி. பெயரே இல்லாமல் வெறும் நில் என்று முடிந்தால், பெரும்பாலும் அழைத்தது உங்கள் சி கோடு: லுவா_கெட்குளோபல் நில்லைக் கொண்டுவந்தது, அதைப் பார்க்காமல் நீங்கள் பிகால் போட்டீர்கள். இந்தச் சின்ன வேறுபாடு எந்தப் பக்கம் தேடுவது என்பதை உடனே சொல்லிவிடும்.

பிரின்ட், பேர்ஸ் போன்றவையே நில் என்றால் லுவாஎல்_ஓப்பன்லிப்ஸ் விட்டுப்போயிருக்கிறது. புதிய ஸ்டேட் வெறுமையாகத்தான் பிறக்கும். நம்பிக்கையற்ற ஸ்கிரிப்டுகளை ஓட்டுகிறீர்கள், ஐஓவும் ஓஎஸ்ஸும் வேண்டாம் என்றால் வேண்டிய லைப்ரரியை மட்டும் லுவாஎல்_ரிக்வயர்எஃப் மூலம் திறங்கள். 5.1இல் அந்த ஃபங்ஷன் கிடையாது. அங்கே லுவாஓப்பன்_ஐஓ போன்றவற்றைச் சாதாரண சி ஃபங்ஷனாக நேரடியாக அழைத்தால் பேனிக்கில் முடியும். ஸ்டாக்கில் சி ஃபங்ஷனாகத் தள்ளி, லுவா வழியாகவே அழைக்க வேண்டும்.

நீங்கள் பதிவுசெய்த ஃபங்ஷனே நில்லாக வந்தால் வரிசையைச் சரிபாருங்கள்: பதிவு முதலில், ஸ்கிரிப்ட் அப்புறம். ஸ்கிரிப்ட் பக்கம் இருக்கும் ஃபங்ஷனை சி தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதன் முன்னால் லோக்கல் என்று இருக்கிறதா பாருங்கள். லோக்கல் பெயர்களை கெட்குளோபல் பார்க்காது.

## "அன்எக்ஸ்பெக்டட் சிம்பல்", பக்கத்தில் 239 என்ற எண்

ஸ்கிரிப்டின் முதல் எழுத்திலேயே சின்டாக்ஸ் எரர், எடிட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. 239 என்பது யுடிஎஃப்-8 ஃபைலின் தலையில் சில எடிட்டர்கள் ஒட்டும் மூன்று பைட் குறியின் முதல் பைட். லுவாஎல்_லோட்ஃபைல் அந்தக் குறியைத் தானே தாண்டிப் போகும். ஃபைலை நீங்களே படித்து லுவாஎல்_லோட்பஃபருக்குக் கொடுத்தால் தாண்டாது. அதனால்தான் ஒரே ஸ்கிரிப்ட் கட்டளைவரியில் ஓடுகிறது, உங்கள் புரோகிராமுக்குள் ஓடவில்லை. மூன்று பைட்டையும் நீங்களே கழித்துவிட்டுக் கொடுங்கள்.

லோட்பஃபரைத் தொடும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். அதற்குக் கொடுக்கும் துண்டின் பெயரை @ குறியோடு தொடங்கி ஃபைல் பெயராக எழுதுங்கள். அப்படி எழுதினால் எரர் செய்தியில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வரும். இல்லாவிட்டால் ஸ்கிரிப்டின் முதல் வரியைத்தான் அரைகுறையாகக் காட்டும். வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் என்றால் லோட்பஃபர்எக்ஸ் வடிவத்தில் டெக்ஸ்ட் மட்டும் ஏற்கும் முறையைக் கேளுங்கள். கெட்ட எண்ணத்தோடு கோத்த பைட்கோடு மொத்த புரோகிராமையும் கவிழ்க்கும். அதை லுவா சரிபார்ப்பதில்லை.

## "பேனிக்: அன்புரொடெக்டட் எரர் இன் கால் டு லுவா ஏபிஐ" என்று எழுதிவிட்டு புரோகிராம் செத்துவிடுகிறது

பிடிக்க ஆளில்லாத எரர் இது. லுவா எரர் எறியும்போது லாங்ஜம்ப் (நடுவில் உள்ள ஃபங்ஷன்களைத் தாண்டிப் பழைய இடத்துக்கே தாவும் சி வசதி) மூலம் கடைசியாகப் போட்ட பிகாலுக்குத் தாவுகிறது. பிகாலே இல்லையென்றால் பேனிக் ஃபங்ஷனை அழைத்துவிட்டு அபார்ட் செய்கிறது.

"நான் பிகால்தான் போட்டிருக்கிறேனே" என்று பலர் குழம்புவது இங்கேதான். ஸ்கிரிப்டை ஓட்டும் வரி பாதுகாப்பாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வரிகள் பாதுகாப்பில் இருக்காது. கான்ஃபிக் என்ற டேபிளை கெட்குளோபலால் எடுத்து, அடுத்த வரியில் லுவா_கெட்ஃபீல்டால் அதன் உள்ளே பார்க்கிறீர்கள். ஸ்கிரிப்ட் எழுதியவர் கான்ஃபிக் என்பதைத் தப்பாக எழுதியிருந்தால் கையில் இருப்பது நில். நில்லுக்குள் கெட்ஃபீல்ட் போட்டால் எரர், எரருக்குப் பிடிமானம் இல்லை, பேனிக். லுவாஎல்_செக் என்று தொடங்கும் ஃபங்ஷன்களை மெயினிலிருந்து அழைத்தாலும் இதே கதிதான். அவை லுவா அழைக்கும் சி ஃபங்ஷன்களுக்குள் பயன்படுத்த ஏற்பட்டவை. மெமரி தீர்ந்தால் லுவா_புஷ்ஸ்ட்ரிங்கூட எரர் எறியும்.

ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் காவல் போடுவதில் அர்த்தமில்லை. லுவாவைத் தொடும் மொத்த வேலையையும் ஒரு சி ஃபங்ஷனுக்குள் வைத்து, அந்த ஃபங்ஷனையே மெயினிலிருந்து பிகால் மூலம் அழையுங்கள். தேவையான விவரங்களை லைட் யூசர்டேட்டாவாக (லுவா மதிப்பாகப் போகும் வெறும் சி பாயின்டர்) உள்ளே அனுப்பலாம். 5.1இல் இதற்கென்றே லுவா_சிபிகால் இருந்தது. கட்டளைவரி லுவா இன்டர்பிரெட்டரின் மெயினும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, லுவா.சி ஃபைலைத் திறந்து பாருங்கள், நல்ல மாதிரி. லுவா_அட்பேனிக் மூலம் பேனிக் ஃபங்ஷனை மாற்றலாம்தான், ஆனால் அதில் பதிவுக்குறிப்பு எழுதலாமே தவிர, அதைப் பிழை கையாளும் வழியாக நம்பிக் கட்ட வேண்டாம்.

எரர் பிடிபடுகிறது, எங்கே வந்தது என்றுதான் தெரியவில்லை என்றால் பிகாலின் கடைசி ஆர்கியுமென்டைப் பாருங்கள். அது 0 என்றால் செய்தி மட்டும் கிடைக்கும். பிகால் திரும்பி வரும்போது அழைப்பு வரிசை முழுவதும் கலைந்திருக்கும், அதற்குப் பிறகு டிரேஸ்பேக் எடுக்க ஒன்றுமில்லை. லுவாஎல்_டிரேஸ்பேக்கை அழைக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை, அழைக்கப்போகும் ஃபங்ஷனுக்கு அடியில் ஸ்டாக்கில் வைத்து, அதன் இடத்தைக் கடைசி ஆர்கியுமென்டாகக் கொடுங்கள். எரர் நடந்த கணத்தில், வரிசை கலையும் முன் அது ஓடும்.

எரர் செய்தியை அச்சடிக்கும் வரியிலேயே கிராஷ் ஆகிறதா? எரர் எப்போதும் ஸ்ட்ரிங்காக இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள். ஸ்கிரிப்ட் ஒரு டேபிளையோ நில்லையோ எறிந்திருந்தால் லுவா_டுஸ்ட்ரிங் வெற்று பாயின்டரைத் தரும், பிரின்ட்எஃப் அதோடு விழலாம். லுவாஎல்_டுஎல்ஸ்ட்ரிங் எதைக் கொடுத்தாலும் ஒரு ஸ்ட்ரிங் தரும். ஆனால் அது ஸ்டாக்கில் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளும், மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

லுவாஎல்_எரருக்கு பிரின்ட்எஃப் ஃபார்மேட் எல்லாம் ஒத்துவராது என்பதும் நினைவிருக்கட்டும். %எஸ், %டி, %எஃப் மாதிரி சிலவற்றைத்தான் அது அறியும். தசம இடங்களைச் சொல்லி %5.2எஃப் என்று எழுதினால், நீங்கள் சொல்ல நினைத்த எரருக்குப் பதிலாக ஃபார்மேட் தப்பு என்ற எரர்தான் வரும்.

லாங்ஜம்ப் தாவும்போது நடுவில் இருக்கும் சி வரிகள் ஓடாமலே போகின்றன. ஃபைலைத் திறந்துவிட்டு, அடுத்த வரியில் லுவாஎல்_செக்இன்டீஜர் போட்டு, கடைசியில் மூடுகிறீர்கள் என்றால், தப்பான ஆர்கியுமென்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஃபைல் திறந்தே கிடக்கும். பூட்டு (லாக்) எடுத்திருந்தால் அது விடுபடவே விடுபடாது. சில நாள் கழித்து "புரோகிராம் உறைந்துவிட்டது" என்ற புகாராக வரும். ஆர்கியுமென்ட் சோதனை எல்லாவற்றையும் ஃபங்ஷனின் தலையில் முடித்துவிட்டு அப்புறம்தான் எதையும் திறக்க வேண்டும். நடுவில் லுவாவைத் திரும்ப அழைத்தே தீர வேண்டும் என்றால் அந்த வளத்தை __ஜிசி (சேகரிக்கப்படும்போது ஓடும் ஃபங்ஷன்) உள்ள யூசர்டேட்டாவுக்குள் (லுவா நிர்வகிக்கும் சி மெமரித் துண்டு) வையுங்கள். சி++இல் டிஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்தால்தான் அது லாங்ஜம்புக்குப் பதில் எக்செப்ஷனைப் பயன்படுத்தும்.

## சி ஃபங்ஷன் சரியாகக் கணக்கிடுகிறது, லுவாவுக்கு நில் போகிறது

ரிட்டர்ன் 0 என்று எழுதியிருப்பீர்கள். லுவாவுக்குப் போகும் மதிப்பு ரிட்டர்னில் இல்லை, ஸ்டாக்கின் மேலே இருக்கிறது. ரிட்டர்ன் சொல்வது எத்தனை மதிப்பு என்பதை மட்டும். ஒன்றைத் தள்ளினால் 1, இரண்டு என்றால் 2.

## கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அப்புறம் சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ்

மிக அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இது, முதல் சந்தேகம் ஸ்டாக் கசிவு. மேலே சொன்ன கான்ஃபிக் டேபிளிலிருந்து விட்த், ஹைட் இரண்டையும் எடுக்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வலப்பக்க எண், அந்த வரி முடிந்ததும் ஸ்டாக்கில் எத்தனை இருக்கிறது என்பது; -1 என்பது ஸ்டாக்கின் உச்சி, -2 அதற்கு அடுத்தது.

லுவா_கெட்குளோபல், "கான்ஃபிக்" → 1
லுவா_கெட்ஃபீல்ட், -1, "விட்த்" → 2
லுவா_டுஇன்டீஜர், -1 → 2
லுவா_கெட்ஃபீல்ட், -1, "ஹைட்" → எரர்

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். டுஇன்டீஜர் மதிப்பை நகலெடுக்கிறதே தவிர ஸ்டாக்கிலிருந்து எடுப்பதில்லை. எனவே நான்காவது வரியில் -1 என்பது டேபிள் இல்லை, விட்த்தின் எண். எண்ணுக்குள் ஃபீல்ட் தேடினால் எரர். இது நல்ல காலம், உடனே தெரிந்துவிடும். -1ஐ -2 என்று மாற்றி "சரி, ஓடுகிறது" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து: இப்போது எரர் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று இடம் மிச்சமாகக் கிடக்கும். கடைசியில் லுவா_பாப் 3 போட வேண்டும்.

இன்னும் உறுதியான வழி இருக்கிறது. லுவாவைத் தொடும் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் லுவா_கெட்டாப்பை ஒரு மாறியில் வாங்கி, வெளியேறும் ஒவ்வொரு வழியிலும், எரர் வழி உள்பட, லுவா_செட்டாப்பில் அதையே திருப்பிக் கொடுங்கள். சோதனைக் கட்டத்தில் இரண்டும் சமமா என்று அசெர்ட் போடுங்கள். பிகால் தோற்றால் எரர் செய்தி ஒன்று ஸ்டாக்கில் இருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எரர் வரும்போது மட்டும் கசியும் புரோகிராமைப் பிடிப்பது கடினம்.

கசிந்தால் உடனே ஏன் உடைவதில்லை? லுவா உறுதியளிப்பது 20 இடங்களுக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் லுவா_செக்ஸ்டாக்கில் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் தள்ளினால் விதி மீறல்தான், ஆனால் இடையில் ஒரு லுவா ஃபங்ஷன் ஓடினால் தனக்கு வேண்டிய இடத்துக்காக லுவா ஸ்டாக்கைப் பெரிதாக்கிக்கொள்ளும், உங்கள் கசிவும் அதோடு மறைந்துவிடும். இப்படியே போய் 10,00,000 இடம் என்ற உச்ச வரம்பை முட்டும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. நொடிக்கு 60 முறை ஓடும் லூப்பில் சுற்றுக்கு ஒரு இடம் கசிந்தால் அந்த வரம்பைத் தொட சுமார் நாலரை மணி நேரம் ஆகும். இடையில் லுவா ஓடாத லூப்பாக இருந்தால் சில டஜன் சுற்றிலேயே பக்கத்து மெமரி நாசம். ஏபிஐசெக் போட்ட பில்டில் இரண்டுமே 21வது தள்ளலில் பிடிபடும்.

டேபிளைச் சுற்றிவரும் லுவா_நெக்ஸ்ட்டும் இதே குடும்பம். ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பை மட்டும் பாப் செய்ய வேண்டும், கீயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். அந்தக் கீ எண்ணாக இருக்கும்போது அதன்மேல் டுஸ்ட்ரிங் போட்டால் கீயே ஸ்ட்ரிங்காகிவிடும், அடுத்த சுற்றில் "இன்வேலிட் கீ டு நெக்ஸ்ட்". லுவா_புஷ்வேல்யூவில் நகல் எடுத்து, நகலை மாற்றுங்கள். சுற்றிவரும்போது டேபிளில் புதிய கீயும் சேர்க்கக் கூடாது.

## ஸ்டாக் சமமாக இருக்கிறது, ஆனாலும் எப்போதாவது குப்பை மதிப்பு, எப்போதாவது கிராஷ்

இப்போது கேள்வி, மெமரி யாருடையது என்பது. "எப்போதாவது" என்று வந்தாலே கார்பேஜ் கலெக்டர் (யாரும் பிடிக்காத மெமரியைச் சேகரித்து விடுவிக்கும் பகுதி) ஓடும் நேரத்தோடு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். லுவா_ஜிசி கொண்டு ஒவ்வொரு படியிலும் முழுச் சேகரிப்பை வலுக்கட்டாயமாக ஓட்டினால், எப்போதாவது வந்த கோளாறு எப்போதும் வரும். அப்புறம் பிடிப்பது சுலபம்.

டுஸ்ட்ரிங் தரும் பாயின்டர் லுவாவுடையது. அந்த ஸ்ட்ரிங்கை பாப் செய்தபின் வேறெங்கும் அது பிடித்துவைக்கப்படவில்லை என்றால் பாயின்டர் எந்த நேரமும் செல்லாமல் போகலாம். ஸ்ட்ரக்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நகலெடுங்கள்.

லுவா ஃபங்ஷன் ஒன்றை கால்பேக்காக சி பக்கம் வைத்திருக்க வேண்டுமானால் லுவாஎல்_ரெஃப் போட்டு ரிஜிஸ்ட்ரியில் (சி கோடு மட்டும் பயன்படுத்தும் லுவா டேபிள்) நிறுத்தி, கிடைக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சி ஸ்ட்ரக்ட்டில் யூசர்டேட்டாவின் பாயின்டரை வைத்திருப்பது லுவாவுக்குத் தெரியாது. லுவா பக்கம் யாரும் அதைப் பிடிக்கவில்லை என்றால் __ஜிசி ஓடி, மெமரியும் போய்விடும்.

கால்பேக் பதிவுசெய்யும்போது லுவா_ஸ்டேட் பாயின்டரையும் சேர்த்துச் சேமிக்கிறீர்களா? நின்று பாருங்கள். பதிவுசெய்தது ஒரு கோரூட்டினுக்குள்ளிருந்து (பாதியில் நிறுத்திப் பின்னர் தொடரக்கூடிய லுவா ஓட்டம்) என்றால் உங்கள் கையில் இருப்பது அந்தக் கோரூட்டினின் ஸ்டேட். அது முடிந்து சேகரிக்கப்பட்ட பிறகு கால்பேக் வந்தால் செத்த மெமரியில் கைவைக்கிறீர்கள். 5.2 முதல் ரிஜிஸ்ட்ரியில் மெயின் த்ரெட் (முதலில் உருவான முதன்மை ஸ்டேட்) ஒரு நிலையான எண்ணில் கிடைக்கும். கால்பேக்குக்கு அதை எடுத்துச் சேமியுங்கள். இதே காரணத்துக்காக லுவா_நியூத்ரெட் தரும் கோரூட்டினையும் ஸ்டாக்கிலோ ரிஜிஸ்ட்ரியிலோ பிடித்துவைக்காமல் பாப் செய்யக் கூடாது.

லுவாவிலிருந்து வரும் யூசர்டேட்டாவை லுவா_டுயூசர்டேட்டாவால் எடுத்து நேரே காஸ்ட் செய்திருந்தால் லுவாஎல்_செக்யூடேட்டாவாக மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் வேறு வகை யூசர்டேட்டாவைக் கொடுத்துவிட்டால் முன்னது வாயே திறக்காது, பின்னது எரர் கொடுக்கும்.

புரோகிராமில் ஓஎஸ் த்ரெட்டுகள் இருந்தால், ஒரே ஸ்டேட்டை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொடுகிறதா பாருங்கள். லுவாவில் அதற்குப் பூட்டு எதுவும் இல்லை. த்ரெட்டுக்கு ஒரு ஸ்டேட் வைத்து, செய்திகளைப் பரிமாறிக்கொள்வதே என் தேர்வு. ஒரே ஸ்டேட்டுக்கு லாக் போட்டுப் பகிர்ந்தால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போது மற்ற எல்லாம் காத்துக் கிடக்கும்.

## மெமரி ஏறிக்கொண்டே போகிறது

லுவா_ஜிசியிடம் கணக்கு கேளுங்கள், கிலோபைட்டில் சொல்லும். அதையும் ஓஎஸ் காட்டும் மொத்த மெமரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் ஏறினால் லுவா பக்கம் ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. ரெஃப் போட்டு அன்ரெஃப் போடாத இடங்களைத் தேடுங்கள், அப்புறம் குளோபல் டேபிள்களை.

லுவா கணக்கு சமமாக நிற்க, மொத்தம் மட்டும் ஏறினால் கசிவு சி பக்கம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு படத்தை மாலோக்கில் 20 எம்பி வாங்கி, அதன் பாயின்டரை மட்டும் யூசர்டேட்டாவில் வைத்தால், லுவா கண்ணுக்கு அது சில பைட்தான். நூறு படம் குவிந்தாலும் சேகரிக்க அவசரம் இல்லை என்றே அது நினைக்கும். கசிவே இல்லாமல் மெமரி தீர்ந்துபோவது இப்படித்தான். க்ளோஸ் என்றொரு மெத்தடை வெளிப்படையாகக் கொடுங்கள், 5.4இல் __க்ளோஸும் சேர்த்துக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் எழுதுபவர் லோக்கல் மாறியாக வைத்துத் தானாக மூடவைக்கலாம்.

## "அட்டெம்ப்ட் டு யீல்ட் அக்ராஸ் எ சி-கால் பவுண்டரி"

லுவா உங்கள் சி ஃபங்ஷனை அழைத்து, அது லுவா_கால் மூலம் இன்னொரு லுவா ஃபங்ஷனை அழைத்து, அந்த உள் ஃபங்ஷன் யீல்ட் செய்தால், அதாவது பாதியில் நின்று கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தால், இது வரும். நடுவில் இருக்கும் சி ஃபங்ஷனை நிறுத்திவைத்துப் பின்னர் தொடர வழியில்லை. 5.2 முதல் லுவா_கால்கே, லுவா_பிகால்கே இருக்கின்றன. யீல்ட்டுக்குப் பின் எங்கே தொடர வேண்டும் என்று ஒரு தொடர்ச்சி ஃபங்ஷனை அவற்றிடம் கொடுக்கலாம். உங்கள் சி ஃபங்ஷனே யீல்ட் செய்ய வேண்டுமானால் லுவா_யீல்டை ரிட்டர்ன் வரியில்தான் அழைக்க வேண்டும். பழைய கோடை 5.4க்கு மாற்றும்போது லுவா_ரெஸ்யூமில் ஆர்கியுமென்ட் எண்ணிக்கை எரர் வந்தால், திரும்பி வந்த மதிப்புகளின் எண்ணிக்கைக்காக ஒரு பாயின்டரையும் அது இப்போது கேட்கிறது.

## ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்றுகிறது, புரோகிராம் உறைந்துவிட்டது

லுவா_செட்ஹுக்கில் எண்ணிக்கை ஹுக் (லுவா இடையிடையே அழைக்கும் உங்கள் சி ஃபங்ஷன்) வைத்து, இத்தனை இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஒருமுறை நேரத்தைப் பார்த்து, மிஞ்சினால் லுவாஎல்_எரர் எறியுங்கள். இதில் ஓட்டைகள் உண்டு. ஸ்கிரிப்ட் தன் லூப்புக்குள் பிகால் வைத்திருந்தால் உங்கள் எரரையும் விழுங்கிவிடும். நேரம் கடந்தபின் ஹுக்கை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் என்று மாற்றி, வெளியே வரும்வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டர்ன் தேடல் போன்ற சி ஃபங்ஷனுக்குள் சிக்கியிருக்கும்போது ஹுக் வராது. முன்பே உருவான கோரூட்டின்களுக்கும் அது தானாகப் போய்ச் சேராது. லுவாஜிட்டில் மெஷின் கோடாக மாறிய லூப்புக்குள் ஹுக் அழைக்கப்படுவதில்லை. கண்டிப்பான வரம்பு வேண்டுமென்றால் ஸ்கிரிப்டைத் தனி பிராசஸில் ஓட்டுவதே வழி.

## எண்கள் 3.0 என்று வருகின்றன, அல்லது முழு எண் 0 ஆகிவிடுகிறது

5.3 முதல் முழு எண்ணும் தசம எண்ணும் தனித்தனி. 6/2 எப்போதும் 3.0; முழு எண் வேண்டுமானால் இரட்டைச் சாய்கோடு. லுவா_டுஇன்டீஜருக்கு 3.5 கொடுத்தால் 5.1 வெட்டி 3 தரும், 5.3க்குப் பின் 0 தரும், அதுவும் எரர் இல்லாமல். லுவா_டுஇன்டீஜர்எக்ஸ் மாற்றம் நடந்ததா என்றும் சொல்லும், அதைப் பயன்படுத்துங்கள்.

## ரிக்வயர் மாட்யூலைக் காணவில்லை என்கிறது, அல்லது லோட் ஆனதும் விழுகிறது

காணவில்லை என்றால் செய்தியை முழுதாகப் படியுங்கள், தேடிய இடங்களை எல்லாம் அதுவே வரிசையாகச் சொல்லும். பாதைகள் புரோகிராம் இருக்கும் இடத்தை வைத்து இல்லை, அது ஓடத் தொடங்கிய டைரக்டரியை வைத்துப் பார்க்கப்படும். பேக்கேஜ்.பாத்தை சி பக்கமிருந்தே முழுப் பாதையாக அமைத்துவிடுங்கள்.

சி மாட்யூல் "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்று லுவா ஃபங்ஷன் பெயரைச் சொன்னால், லுவா உங்கள் புரோகிராமுக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அதன் பெயர்கள் வெளியே தெரியவில்லை. லினக்ஸில் லிங்க் செய்யும்போது எக்ஸ்போர்ட்-டைனமிக் கொடியைச் சேர்க்க வேண்டும். இதைத் தவிர்க்க மாட்யூலோடு இன்னொரு லுவாவைச் சேர்த்து லிங்க் செய்வது மட்டும் வேண்டாம். அப்புறம் ஒரே பிராசஸில் இரண்டு லுவா இருக்கும். ஒன்று உருவாக்கிய டேபிளை மற்றொன்று விடுவிக்கப்போகும், 5.1இல் காலி டேபிள்களுக்கு லைப்ரரிக்குள் இருக்கும் நிலையான நோடு ஒன்றைப் பயன்படுத்துவதால் இது நேராக கிராஷில் முடியும். பதிப்புகளும் வேறு என்றால் இன்னும் மோசம்: 5.1க்குக் கட்டிய மாட்யூலை 5.4 ஏற்காது, தலைப்பு ஃபைல் ஒரு பதிப்பும் லைப்ரரி ஒரு பதிப்பும் கலந்துவிடுவதும் நடக்கும்.

சந்தேகம் வந்தால், சார்ந்திருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையில் உங்கள் புரோகிராமையும் மாட்யூலையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். மாட்யூல் பட்டியலில் லுவா லைப்ரரி இருந்து, புரோகிராம் பட்டியலில் இல்லை என்றால் இரண்டு லுவா ஓடுகிறது. மாட்யூலை லுவா இல்லாமல் மறுபடி லிங்க் செய்து, எக்ஸ்போர்ட்-டைனமிக்கோடு புரோகிராமையும் மறுபடி கட்டுங்கள்.